யாருக்கும் இல்லாத அத்திவாரம்

போன கிழமை ஸுல்பிகாவை அடுப்படிக் குசினி வாசலில், கையில் தேத்தண்ணிக் கோப்பையோடு நிறுத்திவிட்டுப் போய்விட்டேன். ஒரு கிழமையாக அவள் அங்கேயே நிற்பது போல எனக்கு மனதுக்குள் ஒரு உறுத்தல். உங்களுக்கும் இருந்திருக்கும். வாருங்கள், அவளைப் போய்ப் பார்ப்போம்.

இன்றைக்குத்தான் வந்து உட்கார்ந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை. தோணாக்கரை ஒரு சின்னப் பட்டினம். திருகோணமலைத் துறைமுகத்து விளக்குகள் அக்கரையில் தெரியும். அதன் பிரதான வீதியில் கூலர் லொறிக்காரர் முஹம்மது தம்பியின் குடும்பம்; ஸுல்பிகா அவர் மனைவி. மூத்தவள் றிஷானாவுக்குக் கலியாணம் முடித்து, பெரிய வீட்டை அவள் பேருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, தாயும் தகப்பனும் இளையவளும் பின்வளவில் இரண்டு அறைக்குள் ஒதுங்கிக்கொண்டார்கள். நம் பக்கத்து முறை அதுதானே. வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு.

இளையவள் ஷிஃபானாவுக்கென்று பக்கத்து வளவுக் காணியில் ஒரு அத்திவாரம் போட்டார்கள், அவள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருடத்தில். இப்போது அவளே பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறாள். அத்திவாரத்துக்கு மேல் இன்னும் ஒரு கல் ஏறவில்லை. மாரிக்குத் தண்ணீர் தேங்கும். கோடைக்கு ஆடு படுக்கும்.

இந்த நேரத்தில்தான் பிரதேச சபை, ஊரின் பழைய அபிவிருத்தித் திட்டத்தைப் புதுப்பிக்கவென்று கொழும்பிலிருந்து ஆலோசகர்களை அமர்த்தியது. ஊரில் அவர்களுக்குப் பெயர் பிளான்காரர். இரண்டு மாதம் திரிந்தார்கள், படம் பிடித்தார்கள், கேள்வி கேட்டார்கள். கடைசியில் ஊர் வாட்ஸ்அப்பில் ஒரு வரைபடம் வந்தது. ஷிஃபானாவின் அத்திவாரம் அதில் பச்சையாக இருந்தது.

பச்சை என்றால் சிறுவர் பூங்கா.

அந்தப் பிளான்காரரை ஓட்டோவில் ஏற்றித் திரிந்தவன் வேறு யாருமில்லை, மூத்த மருமகன் நஸ்ரி. அதை யோசித்துத்தான் ஸுல்பிகாவின் கையில் தேத்தண்ணி ஆறிப்போனது.

* * *

"உம்மா, கோப்பையக் கீழ வைங்க. ஊத்துது" என்றாள் ஷிஃபானா.

ஸுல்பிகா கோப்பையை வைத்தாள்.

"வெள்ளிக்கிழமை மூதூரால வாறாங்க. மாப்பிள்ளைட உம்மா வந்தவுடனே என்ன கேப்பா? 'ஊடு எங்க?' எண்டுதான் கேப்பா. நான் எதக் காட்டுற? ஊஞ்சலயா?"

மூதூர் சம்பந்தம் வீட்டுக்குள் மட்டும் தெரிந்த கதை. மாப்பிள்ளை முனீப், மருந்துக்கடையில் வேலை. இரண்டு பக்கமும் பேசி முக்கால்வாசி ஒத்துப்போன விஷயம். ஆனால் முழுக்க முடியும்வரை மூச்சு விடக்கூடாது என்பது ஸுல்பிகாவின் சட்டம். அதிலும் மதிலுக்கு அந்தப்பக்கம் இருக்கிற றுக்கியாவின் காதில் விழவே கூடாது. றுக்கியா ஒரு முருங்கையைப் பார்த்து "நல்லாக் காய்ச்சிரிக்கி" என்று சொன்னால் அந்த மாரிக்கே முருங்கை முறியும் என்று அவள் கண்ணுக்குப் பெயர். பாவம், முருங்கை முறிகிற மரம்தான். யார் அதை நினைக்கிறார்கள்?

"நான் ஒண்டு சொல்லட்டா உம்மா?" ஷிஃபானா குரலைத் தாழ்த்தினாள். "கொழும்புக்காரனுக்கு எங்கட வளவ எப்பிடித் தெரியும்? காட்டிக் குடுத்த கை ஊட்டுக்குள்ளதான் இரிக்கி."

"வாய மூடு."

"மச்சான் அந்த ரோட்டுப் பக்க மூலையில டயர் கடை போடக் கேட்டார். நீங்க ஏலா எண்டு சொன்னீங்க. ரெண்டு மாசம் பேசாமத் திரிஞ்சார். பிறகு பிளான்காரருக்கு ஓட்டோ ஓட்டினார். பிறகு வளவு பச்சையாயிட்டு. நான் என்ன சின்னப் புள்ளயா?"

ஸுல்பிகாவும் விடிய எழும்பினதிலிருந்து அதே கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தாள். அது போதாதென்று அத்திவாரத்துக் கல்லில் யாரோ சிவப்புப் பெயின்டால் கோடு போட்டிருந்தார்கள். பிளான்காரர் போட்ட அடையாளம் என்று ஊரே சொன்னது. ஆட்டை அவிழ்க்கப் போன ஸுல்பிகா அதைத் தூரத்திலேயே கண்டு, கிட்டப் போகாமல் திரும்பி வந்துவிட்டாள். வீட்டில் கிடத்தியிருக்கிற மையித்தைப் பார்க்கப் பயப்படுகிற மாதிரி.

பின்கதவில் நிழல் விழுந்தது. றிஷானா நின்றாள், இடுப்பில் குழந்தையோடு. எவ்வளவு நேரமாக நின்றாளோ.

"என்ட மாப்பிளயப் பத்தித்தானே கதை? நிப்பாட்டாம கதைங்க. நானும் கேக்கன்."

"ராத்தா, நான்..."

"நீ என்ன? உனக்கு டயர் கடை ஒண்டு கண்ணுக்குள்ள நிக்கிது. அவர் கேட்டது உண்மதான். குடுக்கல்ல, விட்டுட்டார். அதுக்காகத் தங்கச்சிட ஊட்டப் பூங்காவாக்கிற மனுசனா அவர்?"

"அப்ப ஆர் சொன்ன? எங்கட வளவில ஆளில்ல எண்டு பிளான்காரருக்கு நபிமாருக்கு வந்த மாதிரி வானத்தால வஹி வந்ததா?"

"அஸ்தஃபிருல்லாஹ்! புள்ளைகளுக்குப் படிப்பிக்கிற வாயா இது?"

குழந்தை அழத் தொடங்கியது. ஸுல்பிகா அதை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். றிஷானா தாயின் முகத்தையே பார்த்தாள்.

"உம்மா, நீங்க சொல்லுங்க. பிளான்காரர் ஊடு ஊடா வந்து கேட்டாங்களாம். இஞ்ச வரல்லயா?"

"வரல்ல. சத்தியமா ஒருத்தரும் வரல்ல. டெங்குக்காரப் புள்ள ஒண்டுதான் வந்திச்சு, தண்ணி தேங்கியிரிக்கா எண்டு பாக்க."

"பாத்தீங்களா?" என்றாள் ஷிஃபானா. "எல்லா ஊட்டுக்கும் போனவங்க எங்கட ஊட்டுக்கு மட்டும் வரல்ல. ஏன் வரல்ல? வரத் தேவயில்ல. எல்லாம் ஓட்டோவுக்குள்ளயே கேட்டு முடிஞ்சிரிக்கும்."

றிஷானா குழந்தையைப் பறித்துக்கொண்டு போய்விட்டாள். கதவைச் சாத்தவில்லை. சாத்தியிருந்தால் ஸுல்பிகாவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

* * *

வெளியே முஹம்மது தம்பி லொறியைக் கழுவிக்கொண்டிருந்தார். இறக்கக்கண்டியில் மீன் ஏற்றித் தம்புள்ளைக்குப் போய் வருகிற லொறி. முன்கண்ணாடிக்கு மேலே 'ஷிஃபானா' என்று பெரிய எழுத்தில் மகளின் பெயர். பழசாகி வெளிறிக் கிடந்த பெயருக்குப் போன மாதம்தான் புதுச் சிவப்பு அடித்திருந்தார்.

"இஞ்ச பாருங்க" என்று ஸுல்பிகா கிட்டப் போனாள். "உங்கட மருமகன்தான் செஞ்சிரிக்கார் எண்டு எனக்குப் படுது."

அவர் துணியைப் பிழிந்தார். "விடு புள்ள. மருமகன் அப்பிடிச் செய்ய மாட்டார்."

"எப்பிடித் தெரியும்?"

"தெரியும்."

"கேட்டீங்களா?"

"எதுக்குக் கேக்கிற? சபைக்குப் போய்ச் சொல்லுவம். பிழையெண்டா மாத்துவாங்க."

பெண்பிள்ளைக்காக உயிரை விடுகிற மனிதன். போன வருடம் பாலர் பாடசாலையில் யாரோ ஷிஃபானாவை ஏசிவிட்டார்கள் என்று லொறியைப் பாதி வழியில் திருப்பிக்கொண்டு வந்தவர். அவர் இன்றைக்கு இப்படிச் சாவதானமாகத் துணி பிழிவது ஸுல்பிகாவுக்கு என்னவோ போலிருந்தது. ஆனால் ஒரு சந்தேகத்தை இடுப்பில் சுமந்துகொண்டிருப்பவளுக்கு இன்னொன்றைத் தூக்கக் கையில்லை. முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஷிஃபானாவோடு புறப்பட்டாள்.

"நீங்க வரல்லயா?"

"ஐஸ் ஏத்தணும். நீ போ. பொம்புளைட காணி, பொம்புளதானே கதைக்கணும்."

* * *

பகல் லுஹர் தொழுகை முடிந்து கலாசார மண்டபத்தில் கூட்டம். ஆட்சேபனை சொல்ல அன்றைக்குத்தான் கடைசி நாள்.

வாசலில் வந்தவர்கள் பேர் எழுத, பையைப் போல வீங்கின ஒரு கொப்பி இருந்தது. ஒருவரும் தொடவில்லை. "கையெழுத்து வச்சா எல்லாத்துக்கும் சம்மதம் எண்டு எழுதிக்குவாங்க" என்று யாரோ சொல்லியிருந்தார்கள். பக்கத்தில் ஒரு தட்டில் ரோல்ஸ். அதையும் தொடவில்லை.

"ரோல்ஸ் திண்டாலும் சம்மதமா?" என்று ஒரு கிழவர் கேட்டார்.

"திங்கிறத போட்டோ எடுப்பாங்க. பிறகு கொழும்பில காட்டுவாங்க, சனம் சந்தோசமாச் சாப்பிட்டுது எண்டு."

கிழவர் ரோல்ஸைப் பார்த்தபடியே போய் உட்கார்ந்தார்.

சுவர் முழுக்க வரைபடம். மஞ்சள், நீலம், ஊதா. பச்சை நாலைந்து இடத்தில்தான். அதில் ஒன்றை ஸுல்பிகாவின் கண் உடனே பிடித்துவிட்டது. தன் பிள்ளையின் காயத்தைக் கூட்டத்துக்குள்ளும் கண்டுபிடிக்கிற கண்.

சபைத் தலைவர் ஆதம்பாவா தொண்டையைச் செருமினார். அதற்குள் அன்ஸார் எழும்பிவிட்டார். இரும்புக்கடைக்காரர், குரலும் இரும்பு.

"தலைவர், ஒரு கேள்வி. கொழும்பில இருந்து ஆக்களைக் கூலிக்குப் பிடிச்சுத்தான் எங்கட ஊர எங்களுக்குக் காட்டணுமா? எங்கட ஊர் எங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும் அன்ஸார். பழைய பிளான நாங்கதானே போட்டம். நீங்களும் கமிட்டியில இருந்தீங்க. மையித்து அடக்குற மையவாடிக்கு மேல பஸ் ஸ்டாண்ட் வந்து விழுந்திச்சு. மறந்திட்டா?"

மண்டபம் சிரித்தது. அன்ஸார் உட்கார்ந்தார். ஆனாலும் முணுமுணுப்பு நிற்கவில்லை. எல்லாம் முந்தியே முடிவாகிவிட்டது, இது வெறும் நாடகம் என்று ஒரு பக்கம். ஓட்டல் கட்ட யாரோ வரப்போகிறான் என்று இன்னொரு பக்கம். ஒருவரை ஒருவர் பார்க்கிற பார்வையிலும், யாருடைய வளவு மஞ்சள், யாருடையது பச்சை என்ற கணக்கு ஓடியது.

பிளான்காரர் பக்கத்திலிருந்து ஒரு பெண் எழுந்தாள். முப்பது வயது இருக்கும். கொழும்புக் கம்பனியில் வேலை என்றாலும் திருகோணமலை டவுன் பிள்ளை, பேர் ஜெனிதா. கழுத்தில் சின்னச் சிலுவை.

"இது முடிஞ்ச பிளான் இல்ல, வரைவு. பிழையள் இருக்கும். அதுக்குத்தான் உங்களக் கூப்பிட்டனாங்கள். ஆருக்கும் ஆட்சேபனை இருந்தா எழும்பிச் சொல்லுங்கோ. சொல்லுறத நான் இஞ்சயே பதிவன்."

ஷிஃபானா தாயை முழங்கையால் இடித்தாள். ஸுல்பிகா எழுந்தாள். முன்னும் பின்னும் பெண்கள் திரும்பினார்கள். இரண்டு வரிசை தள்ளி றுக்கியா, கையில் விசிறி, கண் இரண்டும் விளக்கு.

"என்ட பேர் ஸுல்பிகா. பிரதான வீதி. அந்தப் பச்சை எங்கட காணி. உறுதிப் பத்திரம் இரிக்கி. அதில ஊட்டுக்கு அத்திவாரம் போட்டிரிக்கம். நீங்க அதப் பூங்கா எண்டு போட்டிரிக்கீங்க. எங்களிட்ட ஒருத்தரும் கேக்கல்ல. கேக்காம எப்பிடிப் போடுவீங்க? ஆர் உங்களுக்குச் சொன்ன?"

கடைசிக் கேள்வியைக் கேட்டபோது குரல் உயர்ந்தது. மண்டபத்தின் பின் கதவோரம் நஸ்ரி நின்றான். ஓட்டோச் சாவியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தவன் நிறுத்தினான். ஷிஃபானா அவனைத் திரும்பிப் பார்த்தாள். அதைக் கண்டு பத்துப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். சந்தேகத்துக்குக் கால் வேண்டாம் பிள்ளைகளே, ஒரு பார்வை போதும்.

ஜெனிதா மேசையிலிருந்த கணினியில் எதையோ தேடினாள். பிறகு நிமிர்ந்து, ஸுல்பிகாவை உற்றுப் பார்த்தாள்.

"அம்மா, உறுதி உங்கட பேரில எண்டத ஒருத்தரும் மறுக்கேல்ல. ஆனா அது கைவிட்ட அத்திவாரம், கட்டுற நோக்கம் இல்ல எண்டுதான் எங்களிட்டப் பதிவு. அப்பிடிப்பட்ட இடங்களைத்தான் பொதுத் தேவைக்கு எடுக்கலாமெண்டு பச்சை போட்டது."

"அதத்தான் கேக்கன். கைவிட்டது எண்டு ஆர் சொன்ன?"

ஜெனிதா தயங்கினாள். "நீங்கள்தானே அம்மா."

"நானா?"

"நான்தான் வந்தனான். தொப்பி போட்டிருந்தன். நல்ல வெயில். நீங்கள் எனக்கு இளநி வெட்டித் தந்தனீங்கள். 'அந்த அத்திவாரம் ஆற்ற?' எண்டு கேட்டன். 'அது ஒருத்தருக்கும் இல்ல மகள், சும்மா கிடக்கு, ஆர் அதில கட்டப்போறா' எண்டு சொன்னனீங்கள்."

றுக்கியாவின் விசிறி மட்டும் ஆடியது.

ஸுல்பிகாவுக்கு அந்த நாள் அப்படியே கண்ணுக்கு முன் வந்தது. வெயில். தொப்பி. வேலியோரம் நின்று தண்ணீர் தேங்கின அத்திவாரத்தை எட்டிப் பார்த்த பெண்.

"நீங்க... டெங்குக்காரப் புள்ள இல்லயா?"

சிரிப்பு வெடித்தது. ஆதம்பாவாவே வாயைப் பொத்திக்கொண்டார்.

"தண்ணி தேங்கி நிண்டதப் பாத்துக் கேட்டீங்க. கேசு போடத்தான் வந்தீங்க எண்டு நினைச்சன். அதான் எங்கட இல்ல எண்டு சொன்னன்."

சொல்லிவிட்டு உட்காரப் போனாள். அது நல்ல காரணம். ஊரில் யாரும் அதைத்தான் செய்திருப்பார்கள். சிரித்துவிட்டு மறந்துவிடுவார்கள்.

ஆனால் ஜெனிதா கேட்டாள். "அப்ப அதில கட்டப்போறது உண்மையோ அம்மா? எப்ப? பதினைஞ்சு இருவது வருசமாக் கிடக்குதே. நான் என்னெண்டு பதியிற?"

ஸுல்பிகா பாதி உட்கார்ந்தபடி நின்றாள். சொன்னால் மூதூர்க் கதை ஊருக்கே தெரியும். சொல்லாவிட்டால் பச்சை பச்சையாகவே இருக்கும். இரண்டு வரிசை தள்ளி றுக்கியாவின் விசிறி நின்றுவிட்டது.

பின் கதவோரம் நஸ்ரி இன்னும் நின்றான். அவனைப் பற்றி விடியலிலிருந்து தான் நினைத்ததெல்லாம் ஸுல்பிகாவுக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது.

"முழுசாச் சொல்லுறன்" என்றாள். "டெங்குக்குப் பயந்தது பாதிதான். அண்டைக்கு மதிலுக்கு அந்தப்பக்கம் றுக்கியா உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நிண்டா. என்ட இளைய மகளுக்குக் கலியாணம் பேசியிரிக்கம். மூதூரில. அத்திவாரம் அவட. நிக்காஹ் முடிவானா அடுத்த மாசமே கல்லேத்துறதுக்கு இரிக்கம். அத வாயால சொன்னா... கண்ணூறு பட்டிரும் எண்டு பயந்திட்டன். எங்கட பொருள எங்கட இல்ல எண்டு சொன்னா ஒருத்தற்ற கண்ணும் படாது எண்டு என்ட உம்மா பழக்கின பழக்கம். ஆரும் காட்டிக் குடுக்கல்ல. நான்தான் சொன்னன். என்ட வாயாலதான் போச்சு."

ஷிஃபானா முகத்தை முக்காட்டுக்குள் புதைத்துக்கொண்டாள்.

றுக்கியா எழுந்தாள்.

"அப்ப என்ட கண்ணுக்குப் பயந்து காணியவே குடுத்திட்டாய், அப்பிடித்தானே ஸுல்பிகா?"

"றுக்கியா, நான் அப்பிடி..."

"இரி, நான் கதைக்கன்." றுக்கியா விசிறியை ஜெனிதா பக்கம் நீட்டினாள். "மகள், இஞ்ச பாருங்க. அந்த அத்திவாரம் இவடதான். அதில முதல் கல்லு வச்ச அண்டைக்கு எனக்குப் பேரீச்சம்பழம் தந்தவ. குழி வெட்ட மண்வெட்டி என்ட ஊட்டுலதான் வாங்கினாங்க. இன்னும் திருப்பித் தரல்ல. கைவிட்ட அத்திவாரமெண்டா மண்வெட்டி வந்திருக்கும்தானே?"

இந்த முறை கூரையே அதிரச் சிரித்தார்கள். அந்தக் கிழவர் இதுதான் சமயமென்று எழும்பிப் போய் ஒரு ரோல்ஸை எடுத்துக்கொண்டார்.

ஜெனிதாவும் சிரித்தாள். "பதியிறன். கட்டவிருக்கிற வீடு. ஆனா நான் ஒருக்கா நேரில வந்து பாக்கவேணும். வியாழக்கிழமை வாறன். எதிலயிருந்து எதுவரை எண்டு நீங்களே நிண்டு எனக்குக் காட்டவேணும். அதுக்குப் பிறகுதான் பச்சைய எடுக்கலாம்."

"வாங்க மகள். இளநி இரிக்கி."

"ஒரு விசயம்" என்றாள் றுக்கியா, இன்னும் உட்காராமல். "அந்தச் சிவப்புக் கோட்டையும் வந்து அழிச்சிட்டுப் போங்க. கல்யாண ஊட்டுக் கல்லுல என்ன கோலம் அது?"

ஜெனிதா புருவத்தைச் சுருக்கினாள். "என்ன கோடு? நாங்கள் ஒரு இடத்திலயும் பெயின்ட் அடிக்கிறேல்ல. மேலயிருந்து படம் பிடிச்சு அளக்கிறது. அது எங்கட வேலை இல்ல."

ஸுல்பிகாவுக்குச் சிரிப்பு பாதியில் நின்றது.

* * *

வீடு வந்ததும் முக்காட்டைக்கூடக் கழற்றாமல் அவள் அத்திவாரத்துக்குப் போனாள். இந்த முறை கிட்டப் போனாள்.

பூங்காவுக்கு அடையாளம் போடுகிறவன் வளவின் நாலு மூலையில் போடுவான். இது அப்படியில்லை. ஒரே ஒரு கோடு. வீதிப் பக்கத்து முன்னறை அத்திவாரத்தை மட்டும் துண்டாக வெட்டிக்கொண்டு, இந்தக் கல்லிலிருந்து அந்தக் கல்லுக்கு நேராகப் போனது. முன்னறையும் வாசலும், ஒரு கடை போடுகிற அளவு, கோட்டுக்கு அந்தப்பக்கம். குசினியும் படுக்கையறையும் இந்தப்பக்கம்.

யாரோ இந்த வீட்டைக் கட்டுவதற்கு முன்பே பிரித்திருக்கிறார்கள்.

"உம்மா" என்றாள் பின்னாலே வந்த ஷிஃபானா. குரலில் காலையிலிருந்த சூடு இல்லை. "மச்சானிட்ட என்னெண்டு முகம் குடுக்கிற?"

"நான் முதல்ல குடுக்கன். நீ பிறகு குடு."

தெருவில் லொறி வந்து நின்றது. மாலை வெயில் முன்கண்ணாடிக்கு மேலே விழுந்து, மகளின் பெயர் மின்னியது. ஸுல்பிகா அந்தப் பெயரைப் பார்த்தாள். குனிந்து காலடிக் கல்லைப் பார்த்தாள். மறுபடி பெயரைப் பார்த்தாள்.

அதே சிவப்பு. கொஞ்சம் ஊதா கலந்த, கடையில் கேட்டால் எடுத்துக் காட்ட முடியாத, லொறிக்காரர் தாங்களே கலக்கிக்கொள்கிற சிவப்பு.

காலையில் அவர் துணி பிழிந்த விதம் ஞாபகம் வந்தது. மருமகன் செய்யமாட்டார், தெரியும். எப்படித் தெரியும்?

* * *

மஃரிபுத் தொழுகைக்கு முன் எல்லோரும் றிஷானாவின் வீட்டு முன்னறையில் இருந்தார்கள். ஸுல்பிகாதான் கூப்பிட்டாள். நஸ்ரி கதிரையின் நுனியில் உட்கார்ந்திருந்தான், எழும்பிப் போகத் தயாரான மாதிரி. முஹம்மது தம்பி ஜன்னலோரம். றிஷானா தேத்தண்ணித் தட்டோடு.

ஸுல்பிகா மருமகனோடு நேருக்கு நேர் பேசுகிறவளில்லை. ஏழு வருடமாகக் கதவுக்குப் பின்னால் நின்று, "மருமகனுக்குச் சோறு போடு மகள்" என்று மகள் வழியாகத்தான் பேச்சு. அன்றைக்குக் கதவைத் தாண்டி வந்து அவன் முன்னால் நின்றாள். நஸ்ரி பதறி எழும்பிவிட்டான்.

"இரிங்க மகன். நீங்கதான் எங்கட வளவக் காட்டிக் குடுத்தீங்க எண்டு நான் நினைச்சன். வாயால சொல்லியும் போட்டன். பிழை என்டது. மாப்புச் செய்ங்க."

"மாமி, அதெல்லாம் எதுக்கு..." அவன் நிலத்தைப் பார்த்தான். முகம் கறுத்துப்போயிற்று.

மன்னிப்புக் கேட்கப்பட்டவனின் முகம் மலர வேண்டாமா? இவன் முகம் ஏன் இருண்டது? ஸுல்பிகா அதையும் பார்த்துக்கொண்டாள். காலையில் என்றால் பார்த்ததை மனதுக்குள் முடிந்துவைத்துக்கொண்டு போயிருப்பாள். இன்றைக்கு ஒரு மண்டபம் முழுக்கச் சிரிக்க நின்று வந்தவளுக்கு அந்தப் பழக்கம் விட்டுப்போயிருந்தது.

கணவன் பக்கம் திரும்பினாள்.

"இஞ்ச பாருங்க. அத்திவாரத்தில ஒரு சிவப்புக் கோடு கிடக்கு. பிளான்காரர் போடல்லயாம். அது உங்கட லொறிப் பெயின்ட். என்ட புள்ளைட பேர் எழுதின பெயின்ட். ஆர் போட்ட?"

முஹம்மது தம்பி கோப்பையைத் தூக்கப் போனார். தூக்கவில்லை. அவர் மனைவியைப் பார்க்கவில்லை. மருமகனைப் பார்த்தார். நஸ்ரி அவரைப் பார்த்தான். ஆட்டைக் கட்டாமல் விட்டுவிட்டுப் பிடிபட்ட இரண்டு பையன்கள் மாதிரி.

ஷிஃபானா திரும்பித் தன் ராத்தாவைப் பார்த்தாள். ராத்தாவாவது ஆச்சரியப்படுவாள் என்று நினைத்தாள்.

றிஷானா தட்டை மேசையில் வைத்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

அந்த வீட்டில் தெரியாமலிருந்தது தாயும் இளையவளும் மட்டும்தான்.

ஸுல்பிகா ஒரு கதிரையை இழுத்துப்போட்டு, மருமகன் முன்னாலேயே உட்கார்ந்தாள்.

"வியாழக்கிழமை அந்தப் புள்ள வரும்" என்றாள், சத்தம் உயராமல். "வெள்ளிக்கிழமை மூதூரால வருவாங்க. அதுக்கு முந்தி ஒருத்தர் வாயத் திறந்து எனக்குச் சொல்லுங்க. கோட்டுக்கு எந்தப் பக்கம் நிண்டு நான் என்ட மகளிட ஊட்டக் காட்டுற?"